துவரம்பருப்பளவு அமைதி

குடை பொருத்திக்கொள்ளச் சொன்னதே பூங்கோதைதான். பிற்பாடு அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை.

அப்போது அவள் கணவன் நீலமேகத்தால் ஒரு வரி இசைகூட எழுத முடியாமல் போயிருந்தது. தொலைக்காட்சித் தொடர்களுக்கு முகப்புப் பாடல் போட்டுக் காலம் தள்ளியவன், நாற்பதைத் தாண்டியதும் தனக்கென்று ஒன்றைத் தொடங்கினான். பாட்டு கிடையாது, வெறும் வாத்தியங்கள். ஒரு நகரம் விடிவதிலிருந்து அடங்குவதுவரை. 'ஊர் அரவம்' என்று பெயர்கூட வைத்துவிட்டான். பெயரோடு நின்றது. மேல்வீட்டில் டைல்ஸ் அறுத்தார்கள். கீழே குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் தண்ணீர் லாரிக்காகக் கத்தினார்கள். தொடர்க்காரர்கள் நினைத்த நேரத்துக்குக் கூப்பிட்டு, "இன்னும் கொஞ்சம் அழுகை வேணும் சார்" என்றார்கள். வாசல் மணி அடித்தாலே நீலமேகம் நெஞ்சைப் பிடித்துக்கொள்வான். கீபோர்டைத் துணி போட்டு மூடி, அதன்மேல் இஸ்திரி போட வேண்டிய சட்டைகளை அடுக்கிவைக்கிற அளவுக்குப் போய்விட்டது.

பூங்கோதைக்கு சமையல் வாயு நிறுவனம் ஒன்றின் புகார் மையத்தில் வேலை. சிலிண்டர் வராதவர்கள் விடுகிற வசவையெல்லாம் காதில் வாங்கி, அத்தனை பேரிடமும் மன்னிப்புக் கேட்டு முடித்து வீடு வந்தால், இவன் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருப்பான். அவளுக்குத் தன் களைப்பைவிட அதுதான் தாங்கவில்லை.

படைப்பாளிகளின் மனம் நாட்டின் சொத்து, அன்றாட இரைச்சலில் அது தேய்ந்துபோகக் கூடாது என்று அரசாங்கம் சலுகை அறிவித்திருந்த சமயம் அது. பூங்கோதையே விசாரித்து, அவனைக் கையைப் பிடித்துக் குடை மையத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே காது நிபுணர் ரெஜினா, நிதானமாகப் பேசுகிற பெண்மணி, உள்ளங்கையில் ஒரு துவரம்பருப்பு அளவுக்கு எதையோ வைத்துக் காட்டினார்.

"இதைக் காதுக்குப் பின்னால தோலுக்கடியில வைப்போம் சார். உங்க நெஞ்சு எப்படி அடிக்குதுன்னு பாத்துக்கிட்டே இருக்கும். ஒரு சத்தம் கேட்டு அடிப்பு எகிறிச்சுன்னா, அந்தச் சத்தத்தை ஞாபகம் வச்சுக்கும். அடுத்த தடவை அமுக்கித்தான் உள்ள விடும். வர வர இன்னும் அமுக்கும். உங்க காது நல்லாத்தான் இருக்கும். மழை பெய்யிற இடத்துல குடை பிடிச்ச மாதிரி, அவ்வளவுதான்."

"ரோட்டுல லாரி வந்தா?" என்றாள் பூங்கோதை.

"ஹாரன், சைரன், இதையெல்லாம் தொடக் கூடாதுன்னு சட்டமே இருக்கு மேடம். பயப்படாதீங்க."

"எங்களை மாதிரி வேலை பாக்கறவங்களுக்கு இது உண்டா?"

ரெஜினா சிரித்தார். "இப்போதைக்குப் படைப்பாளிகளுக்கு மட்டும்தான். உங்களுக்குத் திட்டு வாங்கறதுக்குத்தானே மேடம் சம்பளம்?"

பூங்கோதையும் சேர்ந்து சிரித்தாள்.

முதல் சில மாதங்கள் அவர்களுடைய திருமண வாழ்விலேயே நல்ல மாதங்கள். டைல்ஸ் அறுக்கும் சத்தம் ஈ முணுமுணுப்பாகச் சுருங்கியது என்றான். பிறகு அதுவும் இல்லை என்றான். சட்டைகள் அலமாரிக்குப் போயின. மாலையில் அவள் செருப்பைக் கழற்றும்போதே, "கோதை, இதைக் கேளு, இதைக் கேளு" என்று அவளை இழுத்துக்கொண்டு போய்க் கீபோர்டு முன்னால் உட்காரவைப்பான். ஒருநாள் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மெட்டை முனகிக்கொண்டே அடுக்களைக்கு வந்தான். காலைச் சந்தை திறப்பதற்கு என்றான். கண்ணில் நீர் வந்தது வெங்காயத்தாலா மெட்டாலா என்று அவளுக்கே தெரியவில்லை.

குடை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. குக்கர் விசில் போனது. வாசல் மணி போனது. கைபேசியின் ஒலி போய், வெறும் அதிர்வு மிஞ்சியது. சங்கத்துச் செயலாளர் கத்தினால் நீலமேகம் புன்னகையோடு தலையாட்டுவான். "சார்கிட்ட கத்திப் பிரயோஜனமில்லம்மா, நீங்க வாங்க" என்று காவலாளி இவளைக் கூப்பிட ஆரம்பித்தான். தண்ணீர் லாரி, மின்சாரப் பழுது, மேல்வீட்டு ஒழுகல் எல்லாம் இவள் பக்கம் நகர்ந்து வந்தன. அவன் மேல் விழாத மழை எங்கேயாவது விழத்தானே வேண்டும். பரவாயில்லை, எழுதுகிறானே என்று இருந்தாள்.

அதன் பிறகுதான் கும்பகோணத்திலிருந்து சிவகாமி அக்கா கூப்பிட்டார்.

நீலமேகத்தைத் தூக்கி வளர்த்தவர் அவர். அந்த வாரம் முழுக்க அத்தானுக்கு மூச்சுத் திணறல் என்று கூப்பிட்டு அழுதுகொண்டிருந்தார். அழுகைக் குரலைக் குடை பிடித்துக்கொண்டுவிட்டது. அத்தான் இறந்துபோனதை அக்கா கதறிச் சொன்னபோது நீலமேகத்தின் காதில் தூறல் மாதிரி ஏதோ விழுந்திருக்கிறது. "அக்கா, லைன் சரியில்ல. அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தான். பூங்கோதைக்கு மதியம் அலுவலகத்தில் சேதி வந்து, அவள் ஓடிவந்து, இருவரும் கார் பிடித்துப் போனார்கள்.

அக்கா அவனைப் பார்த்ததும் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "ஏண்டா, அப்புறம் பேசறேன்னியேடா! அவரு போயிட்டாருன்னு சொல்றேன், அப்புறம் பேசறேன்னியேடா!" தெருவே நின்று பார்த்தது. நீலமேகம் முகபாவம் எதுவும் மாறாமல் அமைதியாக நின்றான். கல்நெஞ்சு இல்லை. அக்காவின் வாய் அசைவதும் கண்ணீர் வழிவதும் அவனுக்குத் தெரிந்தன. ஆனால் அழுகையைக் கேட்காமல் பார்க்க மட்டும் செய்தால், துக்கம் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்றுவிடுகிறது. "ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே" என்று ஒருத்தி சொன்னது பூங்கோதை காதில் விழுந்தது. அக்கா கையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பிறகு அவர் தம்பியைக் கூப்பிடவே இல்லை.

திரும்பி வரும்போது பூங்கோதை சொன்னாள்: "இதைக் கழட்டிடுங்க. போதும்."

நீலமேகம் கார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கும் தெரியுது கோதை. ஆனா பயமா இருக்கு. கழட்டினா எல்லாச் சத்தமும் ஒண்ணா வந்து விழும். நான் மறுபடி அந்த நாற்காலியில சும்மா உக்காந்திருப்பேன். இது முடியட்டும். முடிஞ்சதும் கழட்டிடறேன்."

அவள் அழுத்தவில்லை. அவள் கொண்டுபோய்ச் சேர்த்த இடம்தானே அது.

அந்த மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பளம் பொரிக்கும்போது எண்ணெய் தெறித்துப் பூங்கோதையின் முழங்கை வெந்துபோனது. அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு மல்லிகா ஓடிவந்து கையைக் குழாயடியில் பிடித்தாள். "சார் உள்ளதானே இருக்காரு?" என்று கேட்டுவிட்டு, அவளே, "ஓ, குடை" என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

களிம்பு போட்ட கையோடு பூங்கோதை அவன் முன்னால் போய் நின்றாள். பதறி எழுந்தான். "ஐயையோ, என்னாச்சு? கூப்பிட்டிருக்கலாமே?"

"கூப்பிட்டேன்."

அவன் அவள் உதட்டையே பார்த்தான். "என்ன?"

"கூப்பிட்டேங்க."

"சத்தமா சொல்லு. நீ வாயசைக்கிறது தெரியுது..." என்றவன் பாதியில் நிறுத்தினான். இருவருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. அவள் கைபேசியை எடுத்து, 'எத்தனை நாளா?' என்று அடித்துக் காட்டினாள்.

"கொஞ்ச நாளா உன் குரல் மெலிஞ்சுக்கிட்டே வந்துது" என்றான். "நீதான் பேச்சைக் குறைச்சுட்டேன்னு நெனச்சேன். அக்கா விஷயத்துல எம்மேல கோவம்னு..."

அவர்கள் அதன் பின் அடுத்தடுத்த அறையில் இருந்துகொண்டு கைபேசியில் எழுதிப் பேசினார்கள். 'சாப்பாடு ரெடி.' 'வரேன்.' 'உப்பு போதுமா?' 'போதும்.' மையத்தில் சொல்லிச் சரிபண்ணலாம் என்று அவன் ஒவ்வொரு வாரமும் சொன்னான். ஒவ்வொரு வாரமும் ஒரு பகுதி முடிகிற தறுவாயில் இருந்தது. பூங்கோதை எழுதுவதற்கு முன் யோசிக்கப் பழகினாள். தட்டச்சு செய்யும் அளவுக்குப் பெரிதாக இல்லாத எதையும் சொல்வதில்லை. பேருந்தில் பார்த்தது, தலைவலி, மல்லிகா வீட்டுப் பூனை குட்டி போட்டது, இவற்றையெல்லாம் யாராவது உட்கார்ந்து எழுதிக் காட்டுவார்களா?

கடைசியில் அவளே தனியாகப் போய் ரெஜினாவைப் பார்த்தாள். ரெஜினா நீலமேகத்தின் குடையிலிருந்து தானாக வந்து சேரும் பதிவைத் திரையில் திறந்தார். மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார்.

"சொல்லுங்க மேடம்" என்றாள் பூங்கோதை.

"அவருக்கு ரொம்பப் பதற்றம் தர்ற சத்தத்தை இது பட்டியல்ல மேல வைக்கும். டைல்ஸ் அறுக்கற சத்தம், வாசல் மணி, அழுகை எல்லாம் கீழதான் இருக்கு." ரெஜினா நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்தார். "மேல இருக்கறது உங்க குரல்தான். வேற எதுவும் பக்கத்துலகூட வரலை."

புகார் மையத்தில் அவள் கேட்காத வசவு கிடையாது. அதில் எதுவும் உள்ளே இறங்கியது இல்லை. இது இறங்கியது. சங்கத்துச் சண்டை, அறுக்கிற எந்திரம், செத்த வீட்டு ஒப்பாரி எல்லாவற்றுக்கும் மேலே அவள். பதினாறு வருடம் கூட இருந்த மனுஷனுக்கு அவள் குரல் அப்படி இருந்திருக்கிறது. நல்லவேளை, அவனுக்கு நோகாமல் அடைத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பையை எடுத்து அடுக்கினாள். பிறகு அவன் அறை வாசலில் நின்றாள். நீலமேகம் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"கேக்காதுன்னு தெரியும். அதனாலதான் சொல்றேன்" என்று ஆரம்பித்தாள். "நான் பேசினா உங்களுக்கு நெஞ்சு படபடங்குதாம். சொல்லியிருக்கலாம் இல்ல? நான் குறைச்சிருப்பேன். நாள் பூரா ஊர்க்காரங்ககிட்ட 'மன்னிக்கவும் சார், மன்னிக்கவும் மேடம்'னு சொல்லிட்டு, நான் நானா பேசறது இந்த வீட்டுலதான். அதுவும் வேண்டாம்னு ஆயிடுச்சு. உங்க மேல கோவம்கூட வரலைங்க. எனக்குப் பேச ஆள் இல்ல, அவ்வளவுதான்."

நீலமேகம் விருந்தாளியிடம் காட்டுகிற மரியாதையோடு தலையைச் சாய்த்து அவள் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். முடிந்தது என்று தெரிந்ததும், "எழுதிக் காட்டேன்" என்று கைபேசியை நீட்டினான்.

'விடுதிக்குப் போறேன். கொஞ்ச நாள்' என்று மட்டும் எழுதினாள்.

அவன் படித்தான். முகம் வாடியது. "வேலை முடிஞ்சதும் வந்து கூட்டிட்டு வரேன்" என்றான்.

சைதாப்பேட்டையில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி. அறையில் அவளோடு இருந்த பெண் எந்நேரமும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டிருப்பாள். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் அவரவர் திரையைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். சில நாள் மாலையில் அலுவலகம் விட்டபின் மறுநாள் அலுவலகத்துக்குள் நுழையும்வரை அவள் வாயைத் திறக்க அவசியமே இருக்காது. நீலமேகம் 'சாப்பிட்டியா?' என்று அனுப்புவான். 'ஆச்சு' என்று பதில் போடுவாள்.

'ஊர் அரவம்' வெளிவந்தது. இதமாக இருக்கிறது என்றார்கள் எல்லோரும். பத்திரிகைகளும் அதே சொல்லைத்தான் எழுதின. பல் மருத்துவமனைகள் வாங்கின, தூங்கவைக்கும் செயலிகள் வாங்கின. பூங்கோதையின் கம்பெனியும் வாங்கியது. 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்ற அறிவிப்புக்குப் பின்னால் நாளெல்லாம் அது ஓடியது. காத்திருப்பவர்கள் கத்துவது குறைந்துவிட்டது என்று மேலாளர் மகிழ்ந்துபோனார். பூங்கோதை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை கவனித்துக் கேட்டாள். ஒரு பிசிறு கிடையாது. நகரமும் கிடையாது. வெங்காயம் நறுக்கிய நாளில் அவன் முனகிக்கொண்டு வந்த மெட்டு எங்கேயும் இல்லை.

குடை மலிவாகிக்கொண்டிருந்தது. ஊழியர் நலத்திட்டம் என்று கம்பெனியே எல்லோருக்கும் பொருத்த முன்வந்தது. முன்வந்தது என்பது பேச்சுக்குத்தான். வேலையில் இருக்கும்வரை கழற்றக் கூடாது என்று நிபந்தனை. வேலை நேரத்தில் அது தானாக அணைந்துவிடும், ஏனென்றால் வாடிக்கையாளர் திட்டுவது முழுசாகக் கேட்டாக வேண்டும். பணி முடிந்து வெளியே வந்ததும் விரியும். "பழைய மாடல் மாசக்கணக்குல பழகிக்கும். இது அப்படி இல்ல, சட்டுன்னு பிடிச்சுக்கும்" என்றான் பொருத்த வந்தவன். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். பூங்கோதை பேசாமல் தலையைச் சாய்த்துக் கொடுத்தாள். அவளுக்கு அமுக்க வேண்டிய சத்தமென்று பெரிதாக எதுவும் மிச்சம் இல்லை.

வேலை நடுவில் ஒரு நாள் ரெஜினாவின் அழைப்பு அவளுடைய சொந்த எண்ணுக்கு வந்தது. தேநீர் இடைவேளையில் படிக்கட்டில் நின்று பேசினாள்.

"மேடம், உங்க வீட்டுக்காரர் வந்திருந்தாரு. கீபோர்டு கெட்டுப்போச்சுன்னு நெனச்சு மூணு கடை ஏறி இறங்கிட்டு எங்கிட்ட வந்தாரு. வாசிக்க ஆரம்பிச்சா நல்லாக் கேக்குதாம். வாசிக்க வாசிக்க மங்கிப் போகுதாம். இப்ப இல்ல, ரொம்ப நாளாவே அப்படித்தானாம். மங்கிப்போற மெட்டெல்லாம் சரியில்லாத மெட்டுன்னு நெனச்சு அழிச்சுட்டாராம்."

"எதுக்கு மங்குது?"

"அதைத்தான் நான் உக்காந்து பாத்தேன். நான் அன்னைக்கு உங்ககிட்ட பதற்றம்னு ஒரு வார்த்தை சொன்னேன். எங்க கம்பெனி திரையில அப்படித்தான் போட்டிருக்கும், நானும் அப்படியே படிச்சேன். ஆனா இந்தக் கருவிக்குப் பதற்றம்னா என்னன்னு தெரியாது மேடம். நெஞ்சு வேகமா அடிச்சா அமுக்கும். எதுக்காக அடிச்சுதுன்னு கேக்காது. எரிச்சல்ல அடிச்சாலும் ஒண்ணுதான், ஆசையில அடிச்சாலும் ஒண்ணுதான்."

பூங்கோதை கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"அவரு அழிச்ச மெட்டுங்களும் உங்க குரலும் ஒரே உயரத்துல இருக்கு. இதை அவர்கிட்டயும் சொன்னேன். அப்பவே கழட்டச் சொல்லிட்டாரு. கழட்டி, தெருவுக்குள்ள கால் வச்சதும் காதைப் பொத்திக்கிட்டு உக்காந்துட்டாரு பாவம். அப்புறம் எழுந்து போயிட்டாரு."

இடைவேளை முடிந்து இருக்கைக்குத் திரும்பினாள். அடுத்து வந்தவர் சிலிண்டரில் கசிவு என்று காய்ச்சி எடுத்தார். அவள் மன்னிப்புக் கேட்டாள், ஆளனுப்ப ஏற்பாடு செய்தாள். பதினாறு வருடம் முழுவதையும் அவள் திரும்ப ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அவள் ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ரயில் நிலையத்தில் அவன் உளறிக் கொட்டுவது. அவள் தொலைபேசியில் யாருடனோ பேசினால் பக்கத்து அறையில் கீபோர்டு நின்றுபோவது. தொந்தரவு செய்கிறோம் என்று நினைத்து அவள் அப்போதெல்லாம் குரலைத் தாழ்த்தியிருக்கிறாள்.

மாலையில் அடையாள அட்டையைக் காட்டி வெளியே வந்தாள். காதுக்குள் சின்னதாக ஒரு மணி, குடை விரிந்தது. வாசலுக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் நீலமேகம் நின்றிருந்தான். இளைத்திருந்தான். காதுக்குப் பின்னால் பிளாஸ்திரி. ஒவ்வொரு வண்டிக்கும் தோள் குலுங்கியது, இருந்தும் நகராமல் நின்றான்.

அவளைப் பார்த்ததும் இரண்டடி எடுத்துவைத்தான். "கோதை" என்றான். அது கேட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கேட்ட குரல். அவள் நெஞ்சு விலாவில் வந்து இடித்தது.

அவன் மேலே சொல்லிக்கொண்டு போனான். "நான் உன்..." என்பது தண்ணீருக்கடியிலிருந்து வந்ததுபோல் வந்தது. அதற்கடுத்தது வரவேயில்லை. தயங்குகிறான் போல என்று நினைத்தாள். ஆனால் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. பேருந்தின் ஹாரன் கேட்டது. தேநீர்க் கடைக்காரர் கண்ணாடித் தம்ளர்களைக் கழுவுவது கேட்டது. "மல்லி முழம், மல்லி முழம்" என்று பூக்காரம்மா கூவுவது தெளிவாகக் கேட்டது. அந்தத் தெருவில் கேட்காமல் போனது ஒரே ஒரு சத்தம்தான்.

"ஏங்க" என்றாள். "நீங்க பேசறது எனக்குக் கேக்கல."

நீலமேகம் பேச்சை நிறுத்தினான். அவள் தலையைச் சாய்த்து, காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கிக் காட்டினாள். அவன் அருகே வந்து அந்தச் சின்னப் புடைப்பைப் பார்த்தான். முதலில் முகம் சிதைந்தது. ரெஜினா சொன்னது அதன் பிறகுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். கண்ணை அகல விரித்து அவளைப் பார்த்தான்.

"கொஞ்சமும் கேக்கலைங்க" என்றாள் அவள் மறுபடி. இதை இத்தனை பேருக்கு நடுவில் எப்படிச் சொல்வது என்று வெட்கமாக இருந்தது. அவள் குரல் முழுதாகப் போய் அவனைச் சேர்ந்ததை அவன் கண்ணில் பார்த்தாள்.

நீலமேகம் அவளைப் பார்த்தபடி மறுபடி பேசத் தொடங்கினான். கையை ஆட்டி ஆட்டி, இடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதையோ முதலிலிருந்து சொன்னான். அவள் ஏற வேண்டிய பேருந்து வந்து நின்று புறப்பட்டது. நாளைக்கு மேலாளரிடம் போய் இதைக் கழற்றச் சொன்னால் வேலையையும் கழற்றிவிடுவார்கள். அது நாளைக்கு. இப்போது ஒரு சொல்கூட அவளை எட்டவில்லை. நிறுத்துங்கள் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.